சத்தம் எங்கே என்று ஸ்டெல்லா கேட்டாள்

படத்தில் சத்தமே வரவில்லை என்பதை அந்தத் தியேட்டரில் முதலில் கண்டுபிடித்தவள் ஸ்டெல்லா. பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது.

செங்கல்பட்டில் ஒரு புதன்கிழமை காலைக் காட்சி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே பினாயில் வாசனையும் பாப்கார்ன் வாசனையும் கலந்து ஒரு குளிர்ச்சி. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. திரையின் அடியில் வெள்ளை எழுத்தில், நல்ல தமிழில், ‘கதவு தட்டப்படும் சத்தம்’ என்று வந்தது. அதைப் படித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சினிமாவில் கதவு தட்டியதற்கு அழுத ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

அப்போதுதான் எனக்கு முன்வரிசையில் ஸ்டெல்லா எழுந்து நின்றாள். போன் டார்ச்சைப் போட்டு, பின்சுவரில் இருக்கும் ஆபரேட்டர் ரூமைப் பார்த்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள். எவ்வளவு அலைந்து வாங்கிய ஷோ! இவள் எதற்கு இப்போது வம்பு பண்ணுகிறாள்?

அவள் என் பக்கம் திரும்பினாள். திரை வெளிச்சத்தில் அவள் கை நன்றாகத் தெரிந்தது. நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், சேரின் கைப்பிடியைத் தட்டிக் காட்டினாள், பிறகு இரண்டு கையையும் விரித்தாள். நெஞ்சில் அதிரவில்லை, சேரில் அதிரவில்லை, சத்தம் எங்கே என்று கேட்கிறாள்.

என் காது மெஷினில் பேட்டரி போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் சலீம். அவருக்குக் காது பாம்புக் காது. முழங்கையால் ஒரு இடி இடித்துக் கேட்டேன்.

“ஏங்க, சவுண்டு வருதா?”

மவுத்தான வீட்டில் துக்கத்துக்கு உட்கார்ந்திருப்பவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, ஸ்டெல்லாவின் டார்ச் வெளிச்சத்தில் என் பக்கம் முகத்தைத் திருப்பி, அமைதியாகச் சொன்னார்: “இல்லியே.”

“அப்ப இன்னாத்துக்கு சும்மா குந்திகினு கீறீங்க?”

“உங்க ஷோவாச்சே. உங்க வழக்கம் இப்படித்தான் போலன்னு இருந்தேன்.”

சுற்றிப் பார்த்தேன். காது கேட்கிறவர்கள் எல்லாருமே அப்படித்தான் பதவிசாக உட்கார்ந்திருந்தார்கள். இருமல் வந்தவர்கூட கர்ச்சீப்பை வாயில் வைத்து இருமினார்!

முக்காட்டுக்குள் ஒரு மெஷின்

பஜாரில் நாங்கள் துணிக்கடை வைத்த கதையைப் போன வாரங்களில் இந்தத் தொடரில் எழுதினேன். என் காதைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. வெட்கமெல்லாம் இல்லை. துணிக்கடைக் கதையில் காது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது மகன் பிறந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பது குறைந்தது. முதலில் போனது குக்கர் விசில். பிறகு தொழுகைக்கு அழைக்கும் பாங்கு. சத்தம் என்று ஏதோ வரும், சொல் புரியாது. மெஷின் வைத்த பிறகு சத்தம் பெரிதானது, புரியாதது புரியாததாகவே இருந்தது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். காதோரம் உரக்கச் சொன்னால் ஒன்றிரண்டு சொல் பிடிபடும்.

முக்காடு போடுவதால் மெஷின் வெளியில் தெரியாது. பின்னாலிருந்து கூப்பிட்டவர்கள் எல்லாரும் என்னைத் திமிர் பிடித்தவள் என்று முடிவுகட்டினார்கள். அதில் பாதி உண்மை, அது வேறு விஷயம்.

ஸ்டெல்லா எங்கள் கடைக்கு சுடிதார் எடுக்க வந்தவள். சொந்த ஊர் படாளம். அவளுடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து அவளைப் படிக்க வைத்தவர்கள். இவள் இப்போது நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு நான் விலையைச் சொல்லிக்கொண்டே போக, அவள் தன் காதைக் காட்டிக் கையை ஆட்டினாள். நான் முக்காட்டை ஒதுக்கி என் மெஷினைக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கடைப் பையன்கள் பயந்துவிட்டார்கள்.

கைப்பேச்சு அவள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். நாற்பது வயசுக்கு மேல் கற்றுக்கொண்ட கை, அதனால் என் பேச்சில் இன்னும் திக்கல் உண்டு. காது கேளாதவர்களின் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பேர் வைப்பார்கள். எனக்கு வைத்த பேர், உதட்டில் குண்டூசியைக் கடித்திருப்பது. கடை பொம்மைக்குப் புடவை கட்டும்போது நான் அப்படித்தான் இருப்பேனாம்.

சலீம் சொன்ன படங்கள்

என் வீட்டுக்காரருக்குச் சினிமாப் பைத்தியம். கல்யாணமான புதிதில் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நேரே தியேட்டர்தான். படம் முடிந்தால் சண்டை ஆரம்பிக்கும். அவருக்குப் பிடித்தது எனக்குப் பிடிக்காது. எனக்கு வில்லன் பக்கம் நியாயம் தெரியும், அவர் தலையில் அடித்துக்கொள்வார். வீட்டு விஷயத்துக்குச் சண்டை போட்டதைவிட நாங்கள் சினிமாவுக்குச் சண்டை போட்டதுதான் அதிகம். அந்தச் சண்டைக்காகவே நான் படத்துக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

காது போன பிறகு படத்தை அவர்தான் எனக்குச் சொன்னார். இருட்டில் உதடு தெரியாது. மெஷினுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, கொஞ்சம் உரக்கவே சொல்வார். நல்ல மனுஷன், ஆனால் சோம்பேறி. கதாநாயகி அழுது, மூக்கைச் சிந்தி, ஒரு ரீல் நீளத்துக்குப் பேசுவாள். இவர் ஒரே வார்த்தையில் முடிப்பார்: “திட்டுறா.”

“இன்னாத்துக்குத் திட்டுறா?”

“சும்மாதான்.”

ஜோக் வந்தால் இன்னும் மோசம். முதலில் இவர் சிரித்து முடிக்கணும். கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சொல்வதற்குள் அடுத்த ஜோக் வந்துவிடும். ஊரே சிரித்து ஓய்ந்த பிறகு நான் தனியாகச் சிரிப்பேன். முன்வரிசை திரும்பிப் பார்க்கும். பின்வரிசை, “யோவ் பாய், கதாகாலட்சேபத்த வூட்ல வச்சிக்க!” என்று கத்தும். இது சலீம் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒருநாள் போதும் என்று நிறுத்திவிட்டேன். “நீங்க மட்டும் போய்ட்டு வாங்க” என்றேன். அவரும் போவதை விட்டுவிட்டார். அதுதான் எனக்கு உறுத்தியது.

வீட்டில் போனில் பார்க்கலாமே என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். பார்த்தேன். ஆனால் ஒரு விஷயம் கேளுங்கள். கல்யாணத்துக்குப் போகாமல் வீடியோ பார்த்தால் பிரியாணி வருமா?

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தியேட்டரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்கிற படத்தை விட்டுவிட்டு என் படத்தை நான் பார்க்கணும். வெளியே வந்து, அது நல்லா இருந்தது, இது குப்பை என்று என் வாயால் சொல்லணும். இதற்குத் திரையில் தமிழ் எழுத்து வேண்டும். அவ்வளவுதான். கேட்டால் பெரிய காரியம் போல் எல்லாரும் முழித்தார்கள்.

முட்டுக்காட்டில் ஒரு பேச்சு

இந்த யோசனை பிறந்தது முட்டுக்காடு போட் ஹவுஸில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டெல்லாவின் கூட்டம் மாமல்லபுரம் கடற்கரையில் கூடும். அன்றைக்குப் படகில் போகலாம் என்று முட்டுக்காட்டில் இறங்கிவிட்டார்கள். எனக்குத் தண்ணீர் பயம், கரையில் நின்றுகொண்டேன்.

ஸ்டெல்லா படகில் நட்டநடுத் தண்ணீரில் இருந்தாள். அங்கிருந்து கையால் கேட்டாள், அடுத்த வாரம் ஒரு சிரிப்புப் படம் வருகிறது, போகலாமா? நான் கரையிலிருந்து, எனக்கு என்ன புரியப்போகிறது என்றேன். அவள், எழுத்து போடச் சொல்லிக் கேட்போம் என்றாள். எங்களுக்கு நடுவில் அவ்வளவு தண்ணீர், அவ்வளவு காற்று. ஒரு சொல் தவறவில்லை.

பக்கத்தில் ஒரு குடும்பம், படகிலிருந்த தங்கள் ஆட்களைப் பார்த்து, “சாவி யார்கிட்ட கீது? சாவி!” என்று கத்திக்கொண்டிருந்தது. உதட்டையும் கழுத்து நரம்பு புடைத்ததையும் பார்த்தால் தெரிந்தது. படகில் இருந்தவர்கள் டாட்டா காட்டினார்கள். பாவமாகத்தான் இருந்தது.

மேனேஜர் ரூமில் டிவி

தியேட்டர் மேனேஜர் பேர் ஏழுமலை. சலீமோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அந்த உரிமையில் போனோம். அந்த உரிமையிலேயே உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, முடியாது என்றார்.

“அதான் இங்கிலீசுல வருதே, பாயம்மா!”

“நான் எட்டாங்கிளாஸ், தமிழ் மீடியம். தமிழ்ப் படத்துக்கு இங்கிலீசு படிச்சாத்தான் உள்ள வுடுவீங்களா?”

“எழுத்து போட்டா மத்தவங்க பேஜார் பண்ணுவாங்க. மூஞ்ச மறைக்குதும்பாங்க. அதுவும் இல்லாம, படம் அனுப்புற கம்பெனிக்காரன் கிட்ட இதுக்குன்னு தனியா கேக்கணும். அவங்க கிட்ட சொல்றது செவிடன் காதுல ஊதின சங்கு...”

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். முகம் செத்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஊதுங்க அண்ணாத்த. கேக்குதா இல்லியான்னு நாங்க சொல்றோம்.”

இப்படி நாலைந்து தடவை நடையாய் நடந்தோம். ஒவ்வொரு தடவையும் டீ உண்டு, பதில் கிடையாது. கடைசியில் ஒரு சனிக்கிழமை நானும் சலீமும் ஸ்டெல்லாவையும் கூட்டிக்கொண்டு போனோம். மேனேஜர் ரூமில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ காமெடி சீன். ஏழுமலை எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தன்னை மறந்து சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா மேஜையிலிருந்த ரிமோட்டை எடுத்தாள். சத்தத்தை அணைத்தாள். ரிமோட்டைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

ஏழுமலை திரையைப் பார்த்தார். வாய் அசைகிறது, ஆள் விழுகிறான், இன்னொருத்தன் அடிக்கிறான். அவர் சலீமைப் பார்த்தார்.

“இன்னாடா சொல்றான்?”

சலீம் கையைக் கட்டிக்கொண்டார்.

“டேய், அவன் இன்னா சொன்னான்னு சொல்லேன்டா!”

“திட்டுறான்” என்றார் சலீம்.

“இன்னாத்துக்கு?”

“சும்மாதான்.”

நான் சலீமைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷனுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது!

ஏழுமலை நாற்காலியில் சாய்ந்தார். ஸ்டெல்லாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, ரிமோட்டைக் கேட்டார். “ஒரு ஷோ” என்றார். “புதன்கிழமை காலைல. நான் கம்பெனிக்காரன் கிட்ட பேசறேன். நல்லபடியா போச்சுன்னா மேல பாக்கலாம். ஏதாவது ரப்சர் ஆச்சு, அதோட இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது. சரியா, பாயம்மா?”

சரி என்றேன். அந்த ஒரு ஷோவுக்காக பஜார் முழுக்கச் சொன்னேன். ஸ்டெல்லா போனில் வீடியோ எடுத்துக் கையாலேயே அறிவிப்பு செய்தாள். படாளத்திலிருந்து வந்தார்கள், நாவலூரிலிருந்து லீவு போட்டு வந்தார்கள். அவரவர் அம்மா, அண்ணன், புருஷன், பெண்டாட்டி எல்லாரும் வந்தார்கள்.

வால்யூம்

அப்படி வந்த ஷோவில்தான் ஸ்டெல்லா டார்ச்சை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள்.

ஏழுமலை ஓடி வந்தார். வேட்டி தடுக்கியது. என் எதிரில் குனிந்து, போன் வெளிச்சத்தைத் தன் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “இன்னா ஆச்சு பாயம்மா? எழுத்து வருதே!”

“சவுண்டு எங்க?”

“நான்தான் அணைக்கச் சொன்னேன்.”

“எதுக்கு?”

“அந்தப் பொண்ணு அன்னிக்கு ரூம்ல அணைச்சுதே. அதான் உங்க முறைன்னு நெனச்சேன். நோன்புக் கஞ்சிக்கு உங்க பள்ளிவாசலுக்கு வந்தா, நாங்க தலைல கர்ச்சீப்பு கட்டிக்கினு வரலியா? அந்த மாதிரி மருவாதியா இருக்கட்டும்னு...”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இதுதான். திட்ட வாய் வரவில்லை. இவ்வளவு மரியாதையாக யாரும் எங்களுக்குத் தொல்லை கொடுத்ததில்லை.

ஸ்டெல்லாவுக்கு நான் கையால் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவள் சொன்னதை நான் ஏழுமலைக்கு வாயால் சொன்னேன். “காதுலதான் கேக்காது, ஒடம்புல கேக்கும்ங்கறா. அந்தத் ‘தும் தும்’முக்காகத்தான் அவ தியேட்டருக்கே வர்றா. பாதிக் காது கேக்கற என்ன மாதிரி ஆளுங்க கீறோம். முழுக் காதுகாரங்களும் கீறாங்க. எல்லாருக்கும் சேத்துப் போடுங்க.”

ஏழுமலை ஆபரேட்டர் ரூமைப் பார்த்துக் கை நீட்டிக் கத்தினார். ஆபரேட்டர் பயந்துபோய் ஒரேயடியாக ஏற்றிவிட்டார் போலிருக்கிறது. தரை நடுங்கியது. என் மெஷின் காதுக்குள் கிறீச்சிட்டது. சலீம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

ஸ்டெல்லாவின் கூட்டம் முழுக்க இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்டியது. ஏழுமலை என் தோளைத் தட்டி, “ஐயோ, நிறுத்தச் சொல்றாங்களா?” என்று கேட்டார்.

“கை தட்டுறாங்க, அண்ணாத்த. அவங்க கைதட்டு அப்பிடித்தான்.”

உடனே அவரும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். படத்தை மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார்.

முந்திச் சிரித்தவர்கள்

அதற்கப்புறம் நடந்தது நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது. எழுத்து, பேச்சுக்கு ஒரு கண் சிமிட்டும் நேரம் முன்னால் வந்துவிடுகிறது. நடிகர் வாயைத் திறப்பதற்குள் நாங்கள் ஜோக்கைப் படித்து முடித்துவிடுகிறோம். ஒரு கூட்டமே கொல்லென்று சிரிக்கிறது. அந்தச் சிரிப்பில், காது கேட்பவர்களுக்கு வசனம் காதில் விழவில்லை.

சலீம் என் மெஷின் பக்கம் வாயைக் கொண்டுவந்தார். “கொஞ்சம் பொறுத்து சிரிங்களேன்!”

“நீங்களும் படிங்க. கண்ணு இல்லியா?”

இடைவேளைக்குள் எல்லாரும் படிக்கப் பழகிவிட்டார்கள். இடைவேளையில் சமோசா வரிசையில் ஒரு பெரியவர் ஏழுமலையை மடக்கினார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும், மகளோடு வந்தவர். முன்னே எல்லாம் பாதி வசனம் மியூசிக்கில் மூழ்கிவிடும், இன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது என்று சொன்னாராம். மூஞ்சை மறைக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

படம் முடிந்ததும் ஏழுமலை வாசலில் நின்றிருந்தார். சத்தம் நின்றுபோன விவகாரம் ரப்சர் கணக்கில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் உதட்டையே பார்த்தேன்.

“தனி ஷோ எல்லாம் வேணாம், பாயம்மா” என்றார்.

அவ்வளவுதான் என்று கிளம்பத் திரும்பினேன். அவர் என் தோளைத் தட்டினார்.

“ஞாயித்துக்கெழம மேட்னிலயே போட்டுடறேன், எல்லாரோடயும் சேத்து. கம்பெனிக்காரன் எழுத்தோட குடுக்கற படம் எல்லாத்துக்கும். உங்கள மட்டும் தனியா குந்த வச்சா, மறுபடியும் எவனாவது மருவாத பண்றேன்னு எதையாவது அணைச்சுடுவான்.”

ஸ்டெல்லாவுக்குச் சொன்னேன். அவள் அந்த இடத்திலேயே அவருக்குக் கையால் ஒரு பேர் வைத்தாள். ரிமோட்டை அமுக்குகிற கட்டை விரல். இன்றைக்கும் எங்கள் கூட்டத்தில் அவருக்கு அதுதான் பேர்.

ஏரிக்கரையில்

பைக்கில் வீட்டுக்குப் புறப்பட்டோம். பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் தட்டி, “அந்த அண்ணி திரும்பி வந்திருக்கவே கூடாதுங்க” என்றேன். படத்தில் குடும்பமே சேர்ந்து அவமானப்படுத்திய அண்ணி, வீட்டைவிட்டுப் போய், கடைசியில் ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி வருவாள்.

ஹெல்மெட் அசைந்தது. ஏதோ பதில் சொல்கிறார், எனக்கு எப்படித் தெரியும்? கொளவாய் ஏரிக்கரையில் வண்டியை ஓரங்கட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றி, சீட்டிலேயே முழுசாகத் திரும்பினார்.

“குடும்பம்னா வுட்டுக்குடுக்கணும். வந்தா இன்னா தப்பு?”

“மன்னிப்பு கேட்டாங்களா? அவ புருஷன் ஒரு வார்த்த பேசல. நான் ஒவ்வொரு எழுத்தா படிச்சேன்.”

“கண்ணாலயே கேட்டான். நீ எழுத்தையே பாத்துகினு இருந்த, அவன் மூஞ்சப் பாக்கல.”

“கண்ணால கேட்டா அவ கண்ணாலயே போயிருக்கணும், கால்ல எதுக்கு நடந்து வந்தா? டைரக்டருக்கு அறிவு கீதா?”

“படமே பாக்கத் தெரியல உனக்கு!”

ஹெல்மெட்டை மாட்டினார், வண்டியைக் கிளப்பினார். எனக்கு இன்னொரு நியாயம் தோன்றியது. முதுகில் தட்டினேன். மறுபடியும் நிறுத்தினார், ஹெல்மெட்டைக் கழற்றினார், திரும்பினார். ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் இப்படியே போனோம். லாரிக்காரர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெயிலில் அவர் தலை வேர்த்து ஊற்றியது.

“உன்கூட படம் பாக்கறதே பேஜாரும்மா” என்றார். கோபத்தில் உதடு நன்றாக அசைந்ததால் ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. எத்தனை வருஷமாயிற்று, அவர் என்னை இப்படித் திட்டி!

கடைத்தெரு முனை வந்தது. நான் தட்டவில்லை. அவரே வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்.

“சரி, அந்த வில்லனப் பத்தி இன்னா நெனக்கிற?”